எங்கே பிறந்தாய், யாருக்குப் பிறந்தாய்? அமெரிக்கப் பிறப்புரிமைக் குடியுரிமை வழக்கின் பின்னணி

1894 நவம்பர் முதல் வாரத்தில் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு சமையல்காரர் சீனாவுக்குப் போய்வரத் தயாராகிக்கொண்டிருந்தார். மனைவியும் பிள்ளையும் அங்கேதான் இருந்தார்கள். போவது பெரிய காரியமில்லை. சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரச் சட்டம் தடை போட்டிருந்த காலம் அது; திரும்பி வரும்போது உள்ளே விட வேண்டுமே. அதற்காக ஒரு வாக்குமூலம் எழுதி, தன் புகைப்படத்தையும் சேர்த்து, "இவர் இந்த ஊரில் பிறந்தவர், எங்களுக்கு நன்றாகத் தெரியும்" என்று வெள்ளையர்களிடம் சத்தியக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சீனர் சாட்சி சொன்னால் துறைமுகத்தில் எடுபடாது. அந்தத் தாள்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. அவர் பெயர் வோங் கிம் ஆர்க். பிறந்தது அதே ஊரில், சாக்ரமெண்டோ தெருவில்.

மறு ஆண்டு ஆகஸ்டில் காப்டிக் என்ற கப்பலில் திரும்பி வந்தார். கையில் தாள் இருந்தது. சுங்கத் தலைமை அதிகாரி ஜான் வைஸ் உள்ளே விட மறுத்தார். கப்பலிலேயே வைத்தார்கள். அந்தக் கப்பல் கிளம்பும் நாள் வந்ததும் வேறொரு கப்பலுக்கு மாற்றினார்கள், அப்புறம் இன்னொன்றுக்கு. பிறந்து வளர்ந்த ஊர் கண்ணெதிரே தெரிய, மாதக்கணக்கில் அவர் தண்ணீர்மேல் கிடந்தார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் அமெரிக்காவில் பிறக்கவில்லை என்று அரசு சொல்லவில்லை. பிறந்தார் என்பதை ஒப்புக்கொண்டது. "பிறந்தால் போதாது, யாருக்குப் பிறந்தார் என்று பார்க்க வேண்டும், பெற்றோர் சீனப் பேரரசரின் குடிகள், எனவே இவரும் சீனக் குடிதான்" என்பதுதான் அரசின் வாதம். எங்கே பிறந்தாய் என்று கேட்பதா, யாருக்குப் பிறந்தாய் என்று கேட்பதா? 1898இல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்ன இந்தக் கேள்வி 2025இல் மறுபடி எழுந்தது. இரண்டாவது முறை எழுந்தபோது தமிழ்க் குடும்பங்களும் அதற்குள் சிக்கின.

2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அதே நாளில், அதிபர் டிரம்ப் 14160 என்ற எண்ணுள்ள நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். அமெரிக்க மண்ணில் பிறந்தாலும் இரண்டு வகைக் குழந்தைகளைக் குடிமக்களாக ஏற்கக் கூடாது, அவர்களுக்குக் கடவுச்சீட்டு போன்ற ஆவணங்கள் தரக் கூடாது என்று அரசுத் துறைகளுக்கு அது உத்தரவிட்டது. தாய் சட்டவிரோதமாகத் தங்கியிருக்கிறார், தந்தையோ குடிமகனும் இல்லை, கிரீன் கார்டு பெற்றவரும் இல்லை என்றால் அந்தக் குழந்தை முதல் வகை. தாய் சட்டப்படியே இருக்கிறார், ஆனால் மாணவர் விசா, வேலை விசா, சுற்றுலா விசா என்று தற்காலிகமாக இருக்கிறார், தந்தைக்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லை என்றால் அது இரண்டாவது வகை. ஆணை வந்து 30 நாளுக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்கு இது பொருந்தும் என்றது.

செய்திகளில் பெரும்பாலும் முதல் வகைதான் பேசப்பட்டது. எல்லை தாண்டி வந்தவர்கள், மெக்சிகோ, சுவர் என்று. நம்மவர்களைத் தொடுவது இரண்டாவது வகை. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் கணவன், அவரைச் சார்ந்தவர் என்ற முறையில் எச்-4 விசாவில் மனைவி. இருவரும் சட்டத்தின் பார்வையில் 'தற்காலிகம்'. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு போகக் கூடாது என்ற உச்சவரம்பு இருப்பதால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பல பத்தாண்டுகளுக்கு நீண்டு கிடக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டு வரி கட்டி, கடனில் வீடு வாங்கி, அந்த ஊர் நூலகத்தில் உறுப்பினராகி, பனி பெய்தால் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்துச் சுத்தம் செய்கிற தம்பதிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பெயர் 'தற்காலிகமாக இருப்பவர்'. அவர்கள் குழந்தை நாடற்றதாகிவிடாது. ஓராண்டுக்குள் இந்தியத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்தால் இந்தியக் குடியுரிமை கிடைக்கும். ஆனால் பிறந்த மருத்துவமனையிலேயே அது வெளிநாட்டுக் குழந்தை ஆகிவிடும். பிறந்த நாளே அதற்கு ஒரு விசா தேவைப்படும்.

அமெரிக்க மருத்துவமனையில் குழந்தை பிறந்தால் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதன் கனம் உடனே புரியும். தாய் படுக்கையில் இருக்கும்போதே ஒரு படிவம் வருகிறது. குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த நேரம். சமூகப் பாதுகாப்பு எண் வேண்டுமா என்று கேட்கும் பெட்டியில் ஒரு டிக் போட்டால் சில வாரத்தில் அட்டை வீட்டுக்கு வந்துவிடும். பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் விசா நிலை இருக்காது, ஏனென்றால் அதைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. கடவுச்சீட்டு வாங்கப் போனாலும் அந்தச் சான்றிதழைக் காட்டினால் குடியுரிமைக்கு வேறு ஆதாரம் வேண்டாம். ஆணை நடைமுறைக்கு வந்தால் இந்த இடத்தில்தான் கேள்வி நுழையும். ஒவ்வொரு பெற்றோரும், தலைமுறைகளாக அங்கேயே இருப்பவர்கள்கூட, தங்கள் தாளைக் காட்ட வேண்டிவரும்.

சரி, ஒரு அதிபர் கையெழுத்துப் போட்டால் இதை மாற்றிவிட முடியுமா? அதற்கு, அமெரிக்காவில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் எழுதப்பட்டபோது யார் குடிமகன் என்று அது வரையறுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கின் தீர்ப்பு வந்து விழுந்தது. அடிமையாக வைக்கப்பட்டிருந்த டிரெட் ஸ்காட், அடிமைமுறை இல்லாத பகுதியில் வாழ்ந்ததால் தான் விடுதலை பெற்றவன் என்று வழக்குப் போட்டார். தலைமை நீதிபதி ராஜர் டேனி, ஆப்பிரிக்க வம்சாவளியினர் அமெரிக்கக் குடிமக்களாக இருக்கவே முடியாது, எனவே ஸ்காட்டுக்கு வழக்குப் போடும் தகுதியே இல்லை என்று எழுதினார். 7 பேர் ஒரு பக்கம், 2 பேர் மறுபக்கம். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் பிறந்து, உழைத்து, புதைந்தவர்களிடம் "நீங்கள் இந்த நாட்டவர் அல்ல" என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்த நீதிமன்றம் எழுதிய தீர்ப்புகளில் இதைவிடக் கேவலமானது இல்லை என்பது என் எண்ணம்.

உள்நாட்டுப் போர் முடிந்து, 1868 ஜூலை 9 அன்று நடைமுறைக்கு வந்த 14ஆவது திருத்தத்தின் முதல் வாக்கியம் அந்தத் தீர்ப்பைத் துடைத்தெறியவே எழுதப்பட்டது. அமெரிக்காவில் பிறந்த, அல்லது அங்கே குடியுரிமை வழங்கப்பட்ட, அதன் அதிகார வரம்புக்கு உட்பட்ட எல்லாரும் அமெரிக்காவின் குடிமக்கள், தாங்கள் வாழும் மாநிலத்தின் குடிமக்களும்கூட என்கிறது அது. நிறம் பற்றியோ பெற்றோர் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. இனி நீதிமன்றமோ நாடாளுமன்றமோ நினைத்தால் தட்டிப் பறிக்க முடியாத இடத்தில் குடியுரிமையை வைக்க வேண்டும் என்பதற்காகவே அதைச் சாதாரணச் சட்டமாக விடாமல் அரசியலமைப்பில் ஏற்றினார்கள்.

சண்டை முழுக்க அந்த 'அதிகார வரம்புக்கு உட்பட்ட' என்ற தொடரில் இருக்கிறது. எல்லாரையும் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் அந்தத் தொடர் எதற்கு? யாரையோ விலக்கத்தானே? விலக்கத்தான். யாரை என்பதுதான் கேள்வி.

1866 மே 30 அன்று செனட்டில் இந்த வரியை முன்வைத்தவர் மிச்சிகன் மாநிலத்தின் ஜேக்கப் ஹோவர்ட். அவர் பேச்சில் ஒரு வாக்கியம் இன்றுவரை இழுபறியில் இருக்கிறது. இந்தத் திருத்தத்தில் யார் சேரமாட்டார்கள் என்று சொல்லும்போது, வெளிநாட்டவர், அந்நியர், தூதர்களின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் என்று அடுக்கினார். நடுவில் இருப்பவை வெறும் காற்புள்ளிகள். இவை மூன்று தனித்தனி வகைகளா, அல்லது தூதர் குடும்பத்து வெளிநாட்டவர் என்ற ஒரே வகையை மூன்று சொல்லால் சொல்கிறாரா? தமிழாக இருந்தால் 'உம்' போட்டுப் பிரித்திருப்போம், குழப்பம் வந்திருக்காது. ஆங்கிலத்தில் காற்புள்ளிதான் எல்லாம். முதல் வாசிப்பு சரியென்றால் வெளிநாட்டவரின் பிள்ளைகள் எல்லாருமே வெளியே. இரண்டாவது சரியென்றால் தூதர்களின் பிள்ளைகள் மட்டும் வெளியே.

அந்தக் காற்புள்ளிகளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அதே நாள் அதே அவையில் அடுத்து நடந்ததைப் படிப்பது பயன் தரும். பென்சில்வேனியாவின் எட்கர் கோவன் எழுந்தார். சீனர்களின் பிள்ளைகளும் ஜிப்சிகளின் பிள்ளைகளும் இதனால் குடிமக்கள் ஆகிவிடுவார்களா என்று கேட்டார். அவருக்கு அது பயமாக இருந்தது, அதனால் திருத்தத்தை எதிர்த்தார். கலிபோர்னியாவின் ஜான் கான்னெஸ் பதில் சொன்னார். அவரே அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர். ஆமாம், கலிபோர்னியாவில் சீனப் பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளைகளும் குடிமக்கள்தான், அப்படி இருப்பதையே ஆதரிக்கிறேன் என்றார். எதிர்த்தவரும் ஆதரித்தவரும் அந்த வரியை ஒரே மாதிரிதான் படித்திருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை காற்புள்ளிகளுக்கான விடை இதில் கிடைத்துவிடுகிறது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவர் லைமன் டிரம்புல், அந்தத் தொடருக்கு 'வேறு யாருக்கும் விசுவாசம் செலுத்தாதவர்' என்று பொருள் கூறியிருக்கிறார். ஆணையை ஆதரிப்பவர்கள் பிடித்துக்கொள்ளும் வரி அது.

இப்போது கப்பலில் விட்டுவந்த வோங்கிடம் திரும்புவோம். அவருக்காகச் சீனச் சமூகத்தின் சங்கங்கள் வழக்கறிஞர் வைத்தன. ஆட்கொணர்வு மனு போட்டார்கள். கலிபோர்னியாவில் இதே கேள்விக்கு 1884இலேயே ஒரு பதில் கிடைத்திருந்தது. மெண்டசீனோவில் பிறந்த லுக் டின் சிங் என்ற 14 வயதுச் சீனச் சிறுவன் குடிமகனே என்று நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட் தீர்ப்பளித்திருந்தார். மாவட்ட நீதிபதி வில்லியம் மாரோ அந்த வழியிலேயே 1896 ஜனவரியில் வோங்கை விடுவித்தார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. அரசுக்காக வாதாடிய சொலிசிட்டர் ஜெனரல் ஹோம்ஸ் கான்ராட், உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் படையில் இருந்தவர்.

1898 மார்ச் 28 அன்று தீர்ப்பு வந்தது. 6 பேர் வோங் பக்கம், 2 பேர் எதிர்ப்பு. புதிதாகப் பதவிக்கு வந்திருந்த ஜோசப் மெக்கென்னா கலந்துகொள்ளவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஹோரேஸ் கிரே.

அவருடைய தர்க்கம் எளிமையானது, ஆனால் நிதானமாக, நீளமாக அடுக்கியிருக்கிறார். அரசியலமைப்பு 'குடிமகன்' என்ற சொல்லை வரையறுக்காமல் பயன்படுத்தினால், எழுதியவர்கள் எந்தச் சட்ட மரபில் வளர்ந்தார்களோ அந்த மரபில்தான் பொருள் தேட வேண்டும். அது ஆங்கிலப் பொதுச் சட்டம். 1608ஆம் ஆண்டின் கால்வின் வழக்கு முதலாக, மன்னரின் ஆட்சிப் பரப்பில் பிறந்தவர் மன்னரின் குடி என்பதே அங்கே விதி; தந்தை அந்நியராக இருந்தாலும் சரி. அதற்கு இருந்த விலக்குகள் மிகச் சில. அயல்நாட்டு மன்னர், தூதர் ஆகியோரின் பிள்ளைகள். எதிரிப் படை ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருக்கும்போது அந்த எதிரிகளுக்கு அங்கே பிறக்கும் பிள்ளைகள். அயல்நாட்டு அரசுக் கப்பலில் பிறப்பவர்கள். இவற்றோடு அமெரிக்காவுக்கே உரிய இன்னொரு விலக்கு, பழங்குடி இனங்களின் நேரடி ஆட்சிக்குள் பிறந்த பூர்வகுடிப் பிள்ளைகள். அவ்வளவுதான். 'அதிகார வரம்புக்கு உட்பட்ட' என்ற தொடர் இந்த விலக்குகளைக் குறிக்கத்தான் இருக்கிறது என்றார் கிரே.

இந்த விலக்குகளுக்குள் ஓடும் இழையைப் பிடித்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும். இவர்கள்மேல் அந்த நாட்டின் சாதாரணச் சட்டம் செல்லாது. வாஷிங்டனில் ஒரு தூதர் வேகமாகக் கார் ஓட்டினால் காவலர் நிறுத்தலாம், ஆனால் நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டிக்க முடியாது. நியூஜெர்சியில் ஒரு எச்-1பி மென்பொருள்காரர் அதையே செய்தால் அபராதம் கட்ட வேண்டும். விசா காலாவதியாகித் தங்கியிருப்பவரும் கட்ட வேண்டும். 1812ஆம் ஆண்டு ஸ்கூனர் எக்ஸ்சேஞ்ச் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் இதைத்தான் சொல்லியிருந்தார். தொழிலுக்கோ பயணத்துக்கோ வந்து ஒரு நாட்டு மக்களோடு கலந்து வாழும் அந்நியர், அங்கே இருக்கும்வரை அந்த நாட்டின் அதிகார வரம்புக்குள்தான் இருக்கிறார். கிரே அதை மேற்கோள் காட்டினார். சட்டவிரோதமாக இருப்பவர்கள் 'அதிகார வரம்புக்கு உட்படாதவர்கள்' என்றால், அவர்களை எந்தச் சட்டத்தின்கீழ் கைது செய்து நாடு கடத்துவது?

இன்னொரு வாதமும் கிரே வைத்தார், நடைமுறை வாதம். பெற்றோர் அந்நியர் என்பதற்காகப் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லையென்றால், ஆங்கிலேய, ஸ்காட்டிஷ், ஐரிஷ், ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்து, எப்போதும் குடிமக்களாகவே நடத்தப்பட்ட ஆயிரக்கணக்கானோரின் குடியுரிமையும் போய்விடும். சீனருக்கு ஒரு விதி, ஜெர்மானியருக்கு ஒரு விதி என்று அரசியலமைப்பைப் படிக்க முடியாது.

எதிர்ப்புத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி மெல்வில் ஃபுல்லர். அவரோடு சேர்ந்தவர் ஜான் மார்ஷல் ஹார்லன். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன்புதான், 1896இல் பிளெஸ்ஸி வழக்கில், ரயிலில் கறுப்பர்களைத் தனிப் பெட்டியில் உட்கார வைக்கும் சட்டத்தை மற்ற நீதிபதிகள் ஏற்றபோது, ஒற்றை ஆளாக எதிர்த்து, நம் அரசியலமைப்புக்கு நிறம் தெரியாது என்று எழுதியவர் ஹார்லன். ஆனால் அதே எதிர்ப்புரையில், சீனர்கள் நம்மிலிருந்து மிகவும் வேறுபட்ட இனம், அவர்களைக் குடிமக்களாக ஏற்பதில்லை என்றும் எழுதியிருக்கிறார். பள்ளிப் பாடங்களில் முதல் வரி வரும், இரண்டாவது வராது. கிரே மட்டும் என்ன? 1884இல், ஜான் எல்க் என்ற பூர்வகுடி தன் இனக்குழுவை விட்டு வந்து ஒமாஹா நகரில் வாழ்ந்து, வாக்காளராகப் பதிவு செய்யப் போனபோது, நீ குடிமகன் இல்லை என்று தீர்ப்பெழுதியவர் இதே கிரே. அப்போது எல்க் பக்கம் நின்று எதிர்ப்பெழுதியவர் இதே ஹார்லன். பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை வர 1924ஆம் ஆண்டின் தனிச் சட்டம் தேவைப்பட்டது. அந்த மண்ணின் முதல் மக்கள், கடைசியில் குடிமக்கள் ஆனார்கள்.

ஃபுல்லரின் கவலையை ஒதுக்கித் தள்ள முடியாது. நாட்டின் வழியாகப் போகும்போது தற்செயலாகப் பிள்ளை பெற்றுக்கொண்டு போய்விடுகிறவர்களின் பிள்ளைகளும் குடிமக்களா, அவர்கள் அதிபராகக்கூட ஆகலாமா என்று கேட்டார். இன்று 'பிரசவச் சுற்றுலா' என்று பேசப்படுவது அதே கேள்வியின் வாரிசு. கேள்வி நியாயமானது என்றாலும், அரசியலமைப்பின் வாசகத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. வாசகம் பிடிக்கவில்லையென்றால் மாற்றுவதற்கு அரசியலமைப்பே வழி சொல்லியிருக்கிறது. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அப்புறம் நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள். கடினமான வழிதான். 14ஆவது திருத்தமும் அந்த வழியாகத்தான் வந்தது, அதுவும் ஒரு போருக்குப் பிறகு.

ஆணையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் வேறொன்று. வோங் தீர்ப்பைத் திறந்தால், அவருடைய பெற்றோர் அமெரிக்காவில் 'நிரந்தர வசிப்பிடம்' கொண்டு தொழில் செய்தவர்கள் என்ற விவரம் திரும்பத் திரும்ப வருகிறது. கேள்வியை எழுப்பும் இடத்திலும் வருகிறது, முடிவைச் சொல்லும் இடத்திலும் வருகிறது. எனவே நிரந்தரமாகக் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு மட்டுமே அந்தத் தீர்ப்பு, தற்காலிகமாக வந்தவர்களுக்கும் சட்டவிரோதமாக வந்தவர்களுக்கும் அது பதில் சொல்லவில்லை என்கிறார்கள். ஒரு தீர்ப்பை இப்படிப் படிப்பது நீதிமன்றங்களில் வழக்கமான முறைதான்; எந்த உண்மைகளின் மேல் தீர்ப்பு நிற்கிறதோ அதைத் தாண்டி அதை நீட்டக் கூடாது என்று வாதிடுவது வழக்கறிஞர்களின் அன்றாட வேலை. ஆனால் கிரேயின் தர்க்கம் எதிலும் நிரந்தர வசிப்பிடம் ஒரு படியாக இல்லை. ஆங்கிலப் பொதுச் சட்டம் அதைக் கேட்டதில்லை. மார்ஷல் பேசியது போக்குவரத்தில் இருக்கும் வணிகர்களைப் பற்றியும்தான். அந்த விவரம் தீர்ப்பில் இருப்பதற்குக் காரணம், அது வோங் குடும்பத்தின் உண்மைக் கதை என்பதுதான் என்று நான் படிக்கிறேன்.

'1868இல் சட்டவிரோதக் குடியேற்றம் என்ற ஒன்றே கிடையாது, அதனால் திருத்தம் எழுதியவர்கள் அதை யோசித்திருக்க முடியாது' என்றும் சொல்வார்கள். இதற்கு வரலாற்றாசிரியர்கள் வைத்த பதில் என்னை உலுக்கியது. 1808 முதல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது அமெரிக்காவில் சட்டவிரோதம். ஆனாலும் கடத்தி வந்தார்கள். 1860இல்கூட குளோட்டில்டா என்ற கப்பல் அலபாமாவின் மொபைல் ஊருக்கு ஆப்பிரிக்கர்களைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து இறக்கியது. அதாவது, சட்டத்தை மீறி நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் 1868இல் அங்கே இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் குடிமக்கள் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருத்தத்துக்கே பொருள் இருந்திருக்காது.

வோங் தீர்ப்பு எத்தனை உறுதியாக நின்றது என்பதற்கு ஒரு சோதனை வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்திருந்த நேரத்தில், கலிபோர்னியாவின் ஒரு அமைப்பு அவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி வழக்குப் போட்டது. வோங் தீர்ப்பே தவறு என்பதுதான் வாதம். ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் 1943இல் அதை விசாரிக்கக்கூட மறுத்துவிட்டது. அதே மக்களை முகாமில் அடைத்ததை அனுமதித்த நீதிமன்றங்கள்கூட அவர்கள் குடியுரிமையில் கைவைக்கத் துணியவில்லை. நம் பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' அல்ல, எனவே அமெரிக்கக் குடியுரிமை வாங்கும் தகுதி இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் காலத்தில் கலிபோர்னியப் பண்ணைகளில் பிறந்த பஞ்சாபியரின் பிள்ளைகள், தந்தைக்கு மறுக்கப்பட்ட குடியுரிமையோடு பிறந்தார்கள். அவர்களைக் காத்தது சமையல்காரர் வோங்கின் வழக்கு.

2025க்கு வருவோம். ஆணை வந்த மூன்றாம் நாளே சியாட்டிலில் நீதிபதி ஜான் கோஃபெனார் அதை நிறுத்தி வைத்தார். ரீகன் காலத்தில் நியமிக்கப்பட்டவர். நாற்பது ஆண்டுக்கு மேல் நீதிபதியாக இருக்கிறேன், இவ்வளவு தெளிவான கேள்வி வந்ததாக நினைவில்லை, இது அப்பட்டமாக அரசியலமைப்புக்கு விரோதம் என்றார். மேரிலாந்து, மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் நீதிமன்றங்களும் தடை விதித்தன. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆனால் ஆணை சரியா என்று கேட்கப் போகவில்லை. ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுவதற்கும் தடை விதிக்கலாமா என்று கேட்கப் போனது. 2025 ஜூன் 27 அன்று 6க்கு 3 என்ற கணக்கில், வழக்குப் போட்டவர்களைத் தாண்டி எல்லாருக்குமாகத் தடை விதிக்கும் அதிகாரம் மாவட்ட நீதிபதிகளுக்கு இருப்பதாகத் தெரியவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. எழுதியவர் ஏமி கோனி பாரெட். குடியுரிமைக் கேள்வியை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை. தலைப்பை மட்டும் பார்த்தவர்கள் 'பிறப்புரிமைக் குடியுரிமை ரத்து' என்று எடுத்துக்கொண்டு பதறிப்போனார்கள்.

அந்தக் கதவு மூடியதும் வழக்கறிஞர்கள் அடுத்த கதவைத் திறந்தார்கள். பாதிக்கப்படும் எல்லாக் குழந்தைகளையும் ஒரே குழுவாகச் சேர்த்துக் குழு வழக்குப் போட்டார்கள். குழுவில் உள்ள அனைவரும் வழக்குப் போட்டவர்கள் என்றால், தடையும் அனைவருக்கும் பொருந்துமே. இரண்டே வாரத்தில், ஜூலை 10 அன்று, நியூ ஹாம்ப்ஷயரில் நீதிபதி ஜோசப் லபிளாண்ட் அந்தக் குழுவை ஏற்றுத் தடை கொடுத்தார். வழக்கின் பெயரில் இருப்பது ஒரு தாயின் புனைபெயர், பார்பரா. டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. இந்த முறை கேள்வி நேரடியானது, ஆணை செல்லுமா செல்லாதா.

இதை வேறோர் ஊரின் சட்டச் சண்டை என்று என்னால் தள்ளி நின்று பார்க்க முடியவில்லை. யாருக்குப் பிறந்தாய் என்று கேட்கும் சட்டம் என்ன செய்யும் என்பதை மலையகத் தமிழர்கள் அறிவார்கள். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தாய் என்றால் போதாது, உன் தகப்பனும் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது. தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராக்களில் பிறந்தவர்களிடம் பூட்டனின் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? லட்சக்கணக்கானோர் பிறந்த நாட்டிலேயே நாடற்றவர் ஆனார்கள். அது முழுதாகச் சரிசெய்யப்பட 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கே பிறந்தாய் என்ற கேள்விக்கு ஒரு தாள் போதும். யாருக்குப் பிறந்தாய் என்ற கேள்வி தொடங்கிவிட்டால் தாள் கேட்பது நிற்காது.

உச்ச நீதிமன்றத்தில் வென்ற வோங்குக்கே அது நிற்கவில்லை. தீர்ப்பு வந்து மூன்று ஆண்டுகளில், 1901இல், டெக்சாஸின் எல் பாசோவில் அவரைப் பிடித்தார்கள். குற்றச்சாட்டு, சட்டவிரோதமாக நாட்டில் இருக்கும் சீனர் என்பது. எந்த வழக்கின் பெயரே அவர் பெயராக இருந்ததோ, அந்த மனிதர் மறுபடி தன்னை நிரூபித்து வெளியே வர மாதங்கள் ஆயின. 1910இல் அவருடைய மூத்த மகன் சீனாவிலிருந்து வந்து, சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் குடியேற்றச் சோதனை நிலையம் இருந்த ஏஞ்சல் தீவில் இறங்கினார். குடிமகனின் மகன் என்ற உரிமையில் வந்தவர். தகப்பனையும் மகனையும் தனித்தனியே விசாரித்தார்கள். குடும்பத்தைப் பற்றி, கிராமத்தைப் பற்றி நுணுக்கமான கேள்விகள். இருவர் பதிலும் பொருந்தவில்லை என்று மகனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இளைய மகன்கள் பின்னால் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

அங்கே பிறந்த சீனர் வெளிநாடு போய்வர வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் 430ஆம் எண் படிவம் நிரப்ப வேண்டும். 'சீன இனத்தைச் சேர்ந்த, அமெரிக்கக் குடிமகன் எனச் சொல்லிக்கொள்பவர்' தன் நிலையை முன்கூட்டியே விசாரிக்கக் கோரும் விண்ணப்பம் என்பது அதன் தலைப்பு. அறுபது வயதை ஒட்டியிருந்த வோங் கிம் ஆர்க் 1931இல் கடைசியாகச் சீனாவுக்குக் கப்பலேறியபோதும் அந்த விதி அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவர் திரும்பி வரவில்லை.